வன்னி வெக்கையில் கிளார்க் கோமாளி மீன்: வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு முழுமையான வழிகாட்டி

கோமாளி மீன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன். கிளார்க் கோமாளி அதைவிடப் பெரியது, துணிச்சலானது. கறுப்பும் மஞ்சளும் கலந்த உடல், மூன்று வெள்ளைப் பட்டை. வளர்ந்த பெண் மீன் 12 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வரும். 1830இல் ஜோன் விற்சேர்ச் பெனற் என்பவர் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தது இலங்கைக் கரையில் கிடைத்த மீனை வைத்துத்தான். நம் கடலுக்குச் சொந்தமான மீன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கடையில் இதைப் 'பாதி முரடு' என்ற வகையில் சேர்ப்பார்கள். கிளாத்தி மாதிரி தொட்டியில் இருப்பதையெல்லாம் கடித்துப் பார்க்கும் மீன் அல்ல. கலவாய் மாதிரி மற்ற மீனை விழுங்கவும் மாட்டாது. ஆனால் ஒரு மூலையைத் தனது என்று பிடித்துவிட்டால், அந்த மூலைக்குக் கிட்ட வரும் எதையும் விரட்டும். உங்கள் கையையும் சேர்த்துத்தான்.

இந்தக் குணத்தை மீன் வந்த பிறகு மாற்ற முடியாது. தொட்டியின் அளவு, கற்களின் அடுக்கு, எந்த மீன் முதலில் போகிறது, தண்ணீரின் சூடு என்று எல்லாமே மீன் வருவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியவை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மீன் இல்லாத தொட்டியைப் பற்றித்தான் இருக்கும்.

தொட்டியும் அது நிற்கும் இடமும்

ஒரு சோடி கிளார்க் மீனுக்கு நான் சொல்லும் அளவு நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 240 லீற்றர். இரண்டு அடித் தொட்டியிலும் உயிரோடு இருக்கும்தான். ஆனால் அங்கே முழுத் தொட்டியும் அதன் மூலையாகிவிடும், வேறு எந்த மீனுக்கும் ஒதுங்க இடம் இருக்காது. உயரத்தைவிட நீளம் முக்கியம். துரத்தப்படும் மீன் நேராக ஓடித்தான் தப்பும்.

இந்த உயரத்துக்கு 10 மில்லிமீற்றர் கண்ணாடி, மேல்விளிம்பில் குறுக்குப் பட்டி. தண்ணீர் மட்டுமே 240 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 350 கிலோவை எட்டும். சீமெந்து நிலம் தாங்கும், ஆனால் மட்டம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இரும்பு ஸ்டாண்ட் என்றால் உப்புத் தண்ணீர் படாதபடி நல்ல பெயின்ற் இரண்டு தடவை. ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே மெல்லிய றெஜிபோம் தகடு ஒன்று போடுங்கள்.

மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தகரக் கூரை, அஸ்பெஸ்ரஸ் கூரை வீடுகளில் பின்னேரம் அந்தச் சுவர் அடுப்பாகக் கொதிக்கும். ஓட்டு வீட்டில், நடு அறையில், யன்னல் வெயில் நேரடியாகப் படாத இடம் நல்லது. மேலே வலை மூடி கட்டாயம். மீன் துள்ளும் என்பதற்காக மட்டுமல்ல, பல்லி விழும் என்பதற்காகவும். கண்ணாடி மூடி வேண்டாம், அது சூட்டை உள்ளே அடைத்து வைக்கும்.

தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டி, அதற்குள் அழுக்கை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், தண்ணீரை மேலே அனுப்பும் பம்ப். மேல்தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்ற ஒன்றோ இரண்டோ பவர்ஹெட். சம்ப்பை விளிம்புவரை நிரப்பாதீர்கள். கரண்ட் போனதும் மேலிருந்து கொஞ்சத் தண்ணீர் வடிந்து கீழே வரும். மீன் போட முன்பே பம்பை நிறுத்திப் பார்த்து, வழியாத மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

மின்சார விஷயத்தில் ஒரு சொல். உப்புத் தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

தண்ணீர்

வன்னியில் இந்தப் பொழுதுபோக்கு பிழைக்கிறதா இல்லையா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும்.

கிணற்றுத் தண்ணீரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் நமக்குக் குடிக்கவே பல இடங்களில் கடினம். கேத்திலில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் பார்த்திருப்பீர்கள். வயலும் தோட்டமும் பக்கத்தில் இருந்தால் உரத்தின் நைத்திரேற்றும் அதில் சேர்ந்திருக்கும். அதில் கடல் உப்பைக் கரைத்தால் முதல் நாளிலிருந்தே பாசிக்குச் சாப்பாடு போடுகிறீர்கள். பைப் தண்ணீரில் குளோரின். மழைத் தண்ணீர் கேட்க நல்லதாக இருக்கும், ஆனால் கூரைத் தூசி, பறவை எச்சம், தகரத்தின் உலோகம் எல்லாம் கழுவிக்கொண்டு வரும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் ஆர்ஓ குடிநீர் நிலையங்கள், அதாவது நுண்ணிய சவ்வால் தண்ணீரை வடிகட்டித் தரும் நிலையங்கள், வந்திருக்கின்றன. கானில் அடித்து வரலாம். எல்லா நிலையத்துத் தண்ணீரும் ஒன்றல்ல. வடிகட்டி மாற்றிக் கன காலமான இடங்களும் உண்டு. தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்ன டிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்கி ஒவ்வொரு தடவையும் பாருங்கள். 10க்குக் கீழே என்றால் மிக நல்லது. 50ஐத் தாண்டினால் வேறு நிலையம் தேடுங்கள்.

அடுத்தது உப்பு. ஆனையிறவு உப்பு பக்கத்தில்தானே, அதைக் கரைத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். அது சமையலுக்கான உப்பு, கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைட்டு. உப்பளத்தில் உப்பு படிந்ததும் மிஞ்சும் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். கடல்நீரின் மக்னீசியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கல்சியம் அதற்கும் முன்பே வேறு பாத்தியில் படிந்திருக்கும். அதனால் மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். 20 லீற்றர் ஆர்ஓ தண்ணீருக்கு 720 முதல் 760 கிராம் வரை போகும். தண்ணீருக்குள் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சின்னப் பம்ப் வைத்து ஓர் இரவு சுழலவிட்டு, காலையில் அளந்து பாருங்கள். இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026. அளக்க றிஃப்ராக்ரோமீற்றர். அதை 35 என்று குறித்த அளவுத் திரவத்தில் சரிபார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் பூச்சியத்துக்கு வைத்தால் மட்டும் போதாது.

கடல் தண்ணீரையே எடுக்கலாமா? கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் எடுக்கலாம், நிபந்தனையோடு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளில் எடுக்கவே கூடாது. மழைக்கு நன்னீராகும், கோடைக்கு உவர் ஏறும். கரையில் அள்ளுவதும் வேண்டாம். வள்ளத்து எண்ணெய், கலங்கல், ஊர்க் கழிவு எல்லாம் அங்கேதான். வாடைக்காற்று மாதங்களில், ஆறுகள் சேற்றோடு கடலில் விழும்போது, முல்லைத்தீவுப் பக்கக் கடலில் உப்பே குறைந்துவிடும். பங்குனி தொடக்கம் ஆவணி வரை, கடலுக்குப் போகும் ஒருவரிடம் சொல்லி வெளிக்கடலில் சுத்தமான கானில் எடுப்பிக்கலாம். கொண்டுவந்து துணியில் வடித்து, மூடிய இருட்டுப் பாத்திரத்தில் இரண்டு கிழமை காற்றோட்டத்தோடு வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். உப்பளவு பார்த்த பிறகே தொட்டிக்குள்.

என்னைக் கேட்டால், ஆர்ஓவும் உப்புக் கலவையும்தான் நிம்மதி. செலவு கூட, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தண்ணீர்.

வெக்கையும் கரண்டும்

கிளார்க் மீன் நம் கடலில் 27, 28 பாகையில் வாழும். தொட்டியில் 26க்கும் 28க்கும் இடையில் வைத்தால் போதும். 30ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் ஆபத்து. சித்திரையிலிருந்து ஆவணி வரை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பகல் 35க்கு மேலே போகும். பம்பும் லைற்றும் அதற்கு மேல் சூடு சேர்க்கும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, மீனுக்கு அது கூடத் தேவைப்படும். மூச்சு முட்டும் மீன் சினம் கொள்ளும். கோடையில் திடீரென்று சண்டை கூடினால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியை.

தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் மெசின் விலை கூட. அதற்கு முன் ஃபான் ஒன்றை முயன்று பாருங்கள். சம்ப்பின் மேலும் தொட்டியின் மேலும் சின்ன ஃபான் வைத்துத் தண்ணீரின் மேற்பரப்பில் காற்று ஓடவிட்டால், ஆவியாதலில் இரண்டு முதல் நாலு பாகை வரை இறங்கும். காற்று காய்ந்திருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும். கச்சான் வீசும் மாதங்களில் நம் காற்று நன்றாகவே காய்ந்திருக்கும். கரையோரத்து ஈரக்காற்றில் பலன் குறையும். லைற்றைப் பகலில் போடாதீர்கள். பின்னேரம் நாலு மணிக்குப் போட்டு இரவு பதினொன்றுக்கு அணைத்தால், பகல் வெக்கையும் லைற்றுச் சூடும் ஒன்றாகச் சேராது. நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமும் அதுதான்.

ஃபான் வைத்தால் நாளுக்கு ஐந்து லீற்றருக்கு மேல் கூட ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்ததை வெறும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. தினமும் காலையில் கோடு பார்த்து ஊற்றலாம், அல்லது மிதவை வால்வு ஒன்று பூட்டலாம். இரண்டு நாள் வெளியூர் போவதென்றால் மிதவை வால்வு இல்லாமல் போகாதீர்கள்.

கரண்ட். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். இப்போது அப்படி இல்லை என்றாலும், மழைக்கால இடி மின்னலுக்குக் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. கரண்ட் போன தொட்டியில் மீனை முதலில் கொல்வது ஒட்சிசன் குறைவுதான், அழுக்கு அல்ல. பவர் பாங்கில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் எல்லோரிடமும் இருக்க வேண்டும். அதைவிட நல்லது, மேலே தண்ணீர் அனுப்பும் பம்பையே நேர்மின்னோட்டத்தில் ஓடும் வகையில் வாங்கி, பற்றரியோடு இணைப்பது. 12 வோல்ற், 100 ஆம்பியர் மணி பற்றரியில் பாதியைப் பயன்படுத்தினாலே 600 வாற் மணி கிடைக்கும். 20 வாற் பம்ப் அதில் ஒரு நாளுக்கு மேலேயே ஓடும். சோலர் பற்றரி இருக்கும் வீடுகளில் வேலை இன்னும் சுலபம். கரண்ட் இல்லாத நேரத்தில் சாப்பாடு போடாதீர்கள்.

மார்கழி, தை இரவுகளில் எதிர்ப் பிரச்சினை. தண்ணீர் 24க்கும் கீழே இறங்கலாம். 150 அல்லது 200 வாற் ஹீற்றர் ஒன்றை 25 பாகையில் வைத்துவிட்டால் போதும், அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

கல்லும் மணலும்

கடலில் பவளப்பாறையை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். உயிருள்ள பவளத்தை மட்டுமல்ல, கரையில் கிடக்கும் பவளக் கல்லையும் அள்ளாதீர்கள். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இலங்கைச் சுற்றுக் கடலில் பவளம் வெளுத்துப் பெருமளவில் செத்தது. அதிலிருந்து மீள முயலும் பாறைகளிலிருந்து நம் தொட்டிக்கு எடுக்க நமக்கு உரிமை இல்லை. மீன்தொட்டிக்கென்று விற்கும் உலர்ந்த சுண்ணக் கல்லோ, செயற்கைக் கல்லோ 20, 25 கிலோ வாங்குங்கள். பக்ரீரியா குடியேறியதும் அதுவே உங்கள் பெரிய பில்டர்.

அடுக்கும் முறை முக்கியம். சுவர் மாதிரி நீளமாக அடுக்காதீர்கள். இடையில் வெறும் மணல் வரும்படி இரண்டு தனித்தனிக் குன்றாக அடுக்குங்கள். ஒரு குன்றிலிருந்து பார்த்தால் மற்றக் குன்றின் பின்பக்கம் தெரியக் கூடாது. பார்வையில் படாத மீனைக் கிளார்க் மீன் துரத்தாது. ஒவ்வொரு குன்றிலும் இரு பக்கம் வழி உள்ள பொந்துகள் வையுங்கள். ஒரு வழிப் பொந்தில் ஒளியும் மீன் அகப்பட்டுக்கொள்ளும். ஒரு குன்றின் அடியில், தொட்டியின் ஒரு மூலையில், பூச்சில்லாத மண் முட்டி ஒன்றைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். கிளார்க் சோடி குடியிருக்கப் போவது பெரும்பாலும் அதில்தான்.

மணலுக்கு அரகோனைற் என்று விற்கும் சுண்ணாம்பு மணல், மூன்று சென்ரிமீற்றர் தடிப்பு. முல்லைத்தீவுக் கரை மணலைப் போடாதீர்கள். கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் கடற்கரை மணலில் இல்மனைற் போன்ற பார உலோகக் கனியங்கள் கலந்திருக்கும். காந்தத்தை வைத்தால் கறுப்பு மணிகள் ஒட்டுவதைக் காணலாம். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அது ஒட்டினால் கண்ணாடி முழுக்கக் கீறல்.

மீன் இல்லாத கிழமைகள்

உப்புத் தண்ணீர், கல், மணல், பம்ப் எல்லாம் ஓடுகிறது. இப்போது அமோனியா தேவை. தோல் உரித்த றால் ஒன்றைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகும்போது அமோனியா வரும். ஒரு வகைப் பக்ரீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். போத்தல் பக்ரீரியாவும் சேர்க்கலாம். நம் வெப்பத்தில் இது மூன்று முதல் ஆறு கிழமை எடுக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகி நைத்திரேற்று மட்டும் தெரியும்போது, பரீட்சையாக இன்னும் கொஞ்சம் அமோனியா சேர்த்து, 24 மணித்தியாலத்தில் மறுபடி பூச்சியத்துக்கு வருகிறதா பாருங்கள். வந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அடுத்த படி.

இந்தக் காலத்தில் மலிவான டம்சல் மீன் இரண்டைப் போட்டுத் தொட்டியைப் பழக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். மீனுக்கு அது வதை. அதோடு, பிழைத்த டம்சல் தொட்டிக்கே முதலாளியாகிவிடும். குறிப்பாக மூன்று வெள்ளைப் புள்ளியோடு வரும் டொமினோ டம்சல். கடலில் அதன் குஞ்சுகள் கிளார்க் மீன் குடியிருக்கும் அதே கடற்சாமந்திகளில்தான் (பூப்போலத் தெரியும், கொட்டும் விழுதுகள் உள்ள கடல் உயிர்) ஒதுங்கும். தொட்டியிலும் அந்தப் போட்டி தொடரும்.

வாங்கிக் கொண்டுவருவது

தொட்டியில் பிறந்து வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். அது உலர் தீவனத்துக்குப் பழகியிருக்கும், நோய் குறைவு, கடலுக்கும் சேதமில்லை. நீங்களாகக் கடலில் பிடிக்கப் போகாதீர்கள். அப்படி எண்ணம் இருந்தால் முதலில் மாவட்டக் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

இரண்டு மீன் வேண்டும், இரண்டும் குட்டி, ஒன்று மற்றதைவிடத் தெளிவாகப் பெரியது. காரணம் சுவையானது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாக நிற்கும். ஒருமுறை பெண்ணானது திரும்ப ஆணாகாது. ஆகவே வளர்ந்த இரண்டு பெரிய மீன்களை வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருக்கக்கூடும், ஒன்று சாகும்வரை சண்டை. கடையில் சாப்பாடு போடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத மீன், உடலில் வெள்ளைச் சளி படிந்த மீன், வேகமாகச் செவுள் அடிக்கும் மீன் வேண்டாம்.

பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வரும். இரவுப் பயணமே நல்லது. ஒட்சிசன் அடித்த பை, றெஜிபோம் பெட்டி, வெளிச்சம் இல்லாமல். ஏழு, எட்டு மணித்தியாலம் பைக்குள் இருந்த மீனைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்காதீர்கள். பையில் மீனின் கழிவால் அமோனியா சேர்ந்திருக்கும், மூச்சால் காபனீரொட்சைட்டும் சேர்ந்திருக்கும். பை மூடியிருக்கும்வரை காபனீரொட்சைட்டு பிஎச்சைக் குறைத்து வைத்து அமோனியாவின் நஞ்சை அடக்கும். பையைத் திறந்ததும் அது பறந்துவிடும், பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாகும். அதனால் மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டை மட்டும் சமப்படுத்துங்கள். எந்த உப்பளவில் அனுப்புவார்கள் என்று கடைக்காரரிடம் முதலே கேட்டு, புது மீனை முதலில் தனியாக வைக்கும் தனிமைத் தொட்டியை அதே அளவில் வைத்திருங்கள். பையைத் திறந்ததும் மீனை மட்டும் எடுத்து உடனே உள்ளே விடுங்கள். பைத் தண்ணீர் வெளியே.

தனிமைத் தொட்டி

60 லீற்றர் தொட்டி, ஸ்பொஞ்ச் பில்டர், ஒளிய பிவிசி குழாய்த் துண்டு. கல், மணல் இல்லை. ஸ்பொஞ்சைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் முதலே போட்டு வைத்திருந்தால் பக்ரீரியா அதில் குடியேறியிருக்கும். குறைந்தது நாலு கிழமை. இதைத் தவிர்க்க நினைப்பவர்கள்தான் கூட. பெரிய தொட்டியில் நோய் நுழைந்த பிறகு செய்யும் வேலையோடு பார்த்தால் இது மிகச் சின்ன வேலை.

கோமாளி மீனை அதிகம் பிடிக்கும் நோய் புரூக்கினெல்லா. உடல் முழுக்கத் தடித்த சளி, தோல் உரிவது போலத் தோற்றம், தண்ணீரின் மேல்மட்டத்தில் மூச்சு வாங்குதல். சில நாட்களில் கொன்றுவிடும், செப்பு மருந்து இதற்கு வேலை செய்யாது. மீன் மருந்தாக விற்கும் போமலின்தான் வழக்கமான சிகிச்சை. போத்தலில் சொன்ன அளவில், நல்ல காற்றோட்டத்தோடு, கையுறை போட்டு. அதன் புகையை நீங்களும் சுவாசிக்கக் கூடாது. நன்னீரில் ஐந்து நிமிடம் குளிப்பாட்டுவது, அதே சூடு, அதே பிஎச்சில், தற்காலிக ஆறுதல் தரும்.

உப்பு மணி தூவியது போல வெள்ளைப் புள்ளி என்றால் கடல் வெண்புள்ளி நோய். பொன் தூசு படிந்தது போல இருந்து மீன் பம்பின் ஓட்டத்துக்குள்ளேயே நின்றால் வெல்வெற், இது இன்னும் வேகமாகக் கொல்லும். இரண்டுக்கும் செப்பு மருந்து, செப்புச் சோதனைக் கிற்றால் தினமும் அளந்து. செப்பைப் பெரிய தொட்டியில் ஒருபோதும் விடாதீர்கள். றால், நண்டு, சங்கு, பவளம் எல்லாம் சாகும், கல்லும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெரிய தொட்டியில் வெண்புள்ளி வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, அதை ஆறு கிழமை, முடிந்தால் பத்துக் கிழமை மீனில்லாமல் ஓடவிட வேண்டும்.

முரட்டுக் குணத்தோடு வாழ்வது

முதல் விதி: கிளார்க் சோடி கடைசியாகத்தான் பெரிய தொட்டிக்குள் போக வேண்டும். முதலில் போன மீனுக்குத் தொட்டி முழுவதும் சொந்தம் என்று தோன்றும். பின்னால் வரும் ஒவ்வொன்றும் அதற்குத் திருடன்.

240 லீற்றரில் நான் சேர்ப்பவை: மணலில் குழி தோண்டி வாழும் கோபி ஒன்று, பாசி மேயும் பிளெனி ஒன்று, நடுத்தண்ணீரில் நீந்தும் பச்சைக் குரோமிஸ் மூன்று, விரும்பினால் குட்டை ஏஞ்சல் ஒன்று. இவற்றை அமைதியான மீனிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் சில கிழமை விட்டு இறக்குங்கள். ஆறு அடித் தொட்டி இருந்தால் ஓரா இனத்து அழகு மீன் ஒன்றைச் சேர்க்கலாம். நாம் குழம்பு வைக்கும் ஓராவைப் போலவே அதற்கும் முள்ளில் விஷம், பாசியை நன்றாக மேயும். வேண்டாதவை: வேறு எந்தக் கோமாளி மீனும், டம்சல்கள், கிளாத்தி, கலவாய், சிங்க மீன். மிகவும் மெதுவாக நீந்தும் கடற்குதிரையும் வேண்டாம், சாப்பாட்டுப் போட்டியிலேயே அது பட்டினி கிடக்கும்.

சோடியை இறக்கும் நாளில் லைற்றை அணைத்துவிட்டு, ஓட்டைகள் உள்ள தெளிவான பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். மூன்று முதல் ஏழு நாள். மற்ற மீன்கள் வந்து பார்த்து, பெட்டியில் முட்டி, பிறகு சலித்துப் போகும். அந்தச் சலிப்பு வந்த பிறகு திறந்துவிடுங்கள்.

சோடிக்குள் நடக்கும் சண்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெரியது துரத்தும், சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடலைப் படபடவென்று நடுக்கும். அது அடங்கிப் போகும் அடையாளம், நல்ல அடையாளம். அமைதியான அறையில் 'டக் டக்' என்ற சத்தம் கூடக் கேட்கலாம். இந்தக் கிளார்க் மீனைத்தான் 2007இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த எரிக் பார்மான்ரியேயும் கூட்டாளிகளும் ஆராய்ந்து, தாடையைச் சட்டென்று மூடிப் பல்லோடு பல் மோதவைத்தே சத்தம் எழுப்புகிறது என்று கண்டுபிடித்தார்கள். நடுங்காமல் சின்னதும் எதிர்த்து நின்றால், செட்டை கிழிந்தால், ஒன்று மேல்மூலையில் ஒடுங்கிச் சாப்பிடாமல் நின்றால், பிரித்துவிடுங்கள். அந்தச் சோடி பொருந்தாது.

மற்ற மீனைத் துரத்துவதிலும் இதே கணக்கு. துரத்தி, எல்லை தாண்டியதும் திரும்பினால் அது காவல். எல்லை தாண்டியும் விடாமல் துரத்தினால் தலையிட வேண்டும். முதல் வேலை, கற்களைக் கலைத்து மறுபடி அடுக்குவது. எல்லைக் கோடுகள் அழிந்து எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள். அடுத்தது, வெளியே கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்பது. சில நாள் தன் உருவத்தோடு மல்லுக்கட்டும், மற்ற மீன் தப்பிக்கும். அதுவும் சரிவராவிட்டால் துரத்தும் மீனையே ஒரு கிழமை பெட்டிக்குள் வையுங்கள், துரத்தப்படும் மீனை அல்ல.

துப்புரவு செய்யும்போது கையைக் கடிக்கும். வளர்ந்த பெண் மீன் கடித்தால் சுள்ளென்று இருக்கும், பெரிய காயம் இல்லை. நீண்ட இடுக்கி பாவியுங்கள். சோப்பு, நுளம்பு மருந்து, தலைவலி பாம் பூசிய கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள்.

சாப்பாடு

பசித்த மீன் சண்டைக்காரன். நாளுக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிடத்தில் முடியும் அளவு, தொட்டியின் இரண்டு அந்தத்திலும் ஒரே நேரத்தில். ஒரு பக்கத்தில் கிளார்க் சோடி சாப்பிடும், மறுபக்கத்தில் மற்றவை நிம்மதியாகச் சாப்பிடும்.

நல்ல உலர் குறுணைத் தீவனம் அடிப்படை. அதோடு நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பதை வைத்து நல்ல சாப்பாடு செய்யலாம்: பச்சை றால், கணவாய், கொழுப்பில்லாத வெள்ளை மீன் சதை, ஒரு பிடி கடற்பாசி. எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி அரைத்து, மெல்லிய தகடாகப் பொலித்தீன் பையில் பரப்பி உறையவைத்து, தினமும் நகமளவு உடைத்துப் போடுங்கள். சாளை, நெத்தலி வேண்டாம். எண்ணெய் மேலே படலமாகப் படியும். அவற்றில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் நொதியமும் உண்டு.

கிழமை வேலை

கிழமைக்கு ஒருமுறை 10 வீதம் தண்ணீர் மாற்றுங்கள், அதே சூடு, அதே உப்பளவில். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, பிஎச் 8.1க்கும் 8.4க்கும் இடையில். பவளம் வைத்தால் மட்டும் லீற்றருக்குக் கல்சியம் 420 மில்லிகிராம், மக்னீசியம் 1300 மில்லிகிராம், காரத்தன்மை 8, 9 டிகேஎச் என்று கவனிக்க வேண்டும். மீன் மட்டும் என்றால் ஒழுங்கான தண்ணீர் மாற்றமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

டெங்குப் புகை அடிக்க வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன் தொட்டியை ஈரத்துணியால் முழுக்க மூடி, ஃபானையும் காற்றுப் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள். அவை வெளிக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் கலக்கும். தண்ணீர்ப் பம்ப் ஓடட்டும். புகை அடங்கி யன்னல்கள் திறந்த பிறகு மறுபடி போடுங்கள். நுளம்பு ஸ்பிறேயும் இதே ஆபத்துத்தான். தொட்டி இருக்கும் அறையில் அடிக்கவே வேண்டாம்.

கடற்சாமந்தியும் முட்டையும்

கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி இருந்தே ஆக வேண்டும் என்பது பிழை. கிளார்க் மீன் கடலில் கோமாளி மீன்கள் தங்கும் பத்து வகைச் சாமந்திகளிலும் குடியிருக்கும், தொட்டியில் ஒன்றும் இல்லாமலேயே நன்றாக வாழும். சாமந்திக்குப் பலத்த வெளிச்சமும் மாறாத தண்ணீரும் வேண்டும். தொட்டிக்கு ஒரு வருடம் ஆன பிறகு, தொட்டியிலேயே பிரிந்து பெருகிய குமிழ்நுனிச் சாமந்தி கிடைத்தால் யோசியுங்கள். அப்போது பவர்ஹெட்டுக்கு ஸ்பொஞ்ச் உறை கட்டாயம். நகரும் சாமந்தி பம்புக்குள் அகப்பட்டால் முழுத் தொட்டியும் நஞ்சாகும்.

சோடி வளர்ந்ததும் அந்த முட்டியின் உட்புறத்தை வாயால் துடைக்கத் தொடங்கும். முட்டை வரப் போகிறது. ஆண் மீன்தான் செட்டையால் விசிறிக் காவல் காக்கும். ஏறக்குறைய ஒரு கிழமையில், இரவில், பொரிக்கும். குஞ்சுக்குச் சாப்பாடாக ரொற்றிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிரை உயிரோடு வளர்க்க வேண்டும், அது தனி வேலை. இந்த நாட்களில் சோடி மிகவும் மூர்க்கமாக இருக்கும். அந்தப் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்காமல் விடுங்கள். மற்ற மீன்கள் எதிர்க் குன்றில் ஒடுங்கி நின்றால், சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்ப் போடுங்கள்.

தொட்டியைக் கலைக்க வேண்டி வந்தால்

வீடு மாறலாம், வெளிநாடு போகலாம். கிளார்க் மீன் தொட்டியில் பத்து வருடத்துக்கு மேலும் வாழும், ஆகவே இது எல்லோருக்கும் வரக்கூடிய நிலைமை. மீனைக் கடலில் விடாதீர்கள், நம் கடலின் மீன்தானே என்று எண்ணினாலும். தொட்டியில் பல நாட்டு மீன்களோடு பகிர்ந்த நோய்க் கிருமிகளை அது சுமந்துகொண்டு போகும். வளர்க்கும் இன்னொருவரிடமோ கடையிலோ கொடுங்கள். சோடியைப் பிரிக்க வேண்டாம். கற்களைக் காயவிடாமல் உப்புத் தண்ணீர் வாளியில் ஒரு பம்போடு வைத்து, மீனோடு சேர்த்துக் கொடுத்தால், வாங்குபவர் முதல் நாளிலிருந்து பக்ரீரியாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.